சின்னையா எடுத்த சீட்டு

காளைக்குக் காயடிக்க வேண்டுமென்றால் திண்டிவனம் வட்டாரத்தில் ஒரே பெயர்தான், கம்பவுண்டர் பாண்டுரங்கன். அவர் வேலை பார்த்த கால்நடை ஆஸ்பத்திரிக்கு டாக்டர்கள் வருவார்கள், இரண்டு வருஷம் இருப்பார்கள், மாற்றலாகிப் போவார்கள். பாண்டுரங்கன் மட்டும் இருபத்தாறு வருஷமாக அசையாமல் இருந்தார். காளையை ஓட்டிக்கொண்டு வருகிறவன் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்க மாட்டான், கம்பவுண்டர் இருக்கிறாரா என்றுதான் கேட்பான். அவர் லீவு என்றால் மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய் மறுநாள் வருவான். இவ்வளவு பேர் எடுத்தவர் கொஞ்சம் அடக்கமாக இருக்கலாம். அது அவரிடம் கிடையாது. "என் கை பட்டு ஒரு உசுரு போனதில்ல" என்று டீக்கடையில் சொல்வார், பஸ்ஸில் சொல்வார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமும் சொல்வார். சாப்பிடுகிற இடத்தில் பேசுகிற பேச்சா இது என்று அவர் மனைவி வீரம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆவணி மாதம். ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் காளையும் கிடாவுமாகக் கூட்டம் நிறைந்திருந்தபோது, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இரண்டு கம்பிக் கூண்டுகளோடு வந்து வரிசையில் நின்றாள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இரண்டையும் பழைய புடவைத் துணியால் மூடியிருந்தாள்.

"கோழியாம்மா?" என்றார் பாண்டுரங்கன்.

"இல்லீங்கய்யா. எலி."

துணியை விலக்கிக் காட்டினாள். பெரிய கூண்டில் எட்டு வெள்ளை எலிகள். சிலவற்றின் முதுகில் கடிபட்ட காயம், ஒன்றிரண்டுக்குக் காது கிழிந்திருந்தது. சின்னக் கூண்டில் ஒன்று மட்டும் தனியாக உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"இதுங்களுக்கு இன்னா?"

"இந்த எட்டுக்கும் காயடிச்சுக் குடுக்கணுங்க."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எலியைப் பூட்டி ஏர் ஓட்டப் போறியா என்று ஒருவர் கேட்டார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பதில் சொல்ல வந்த இடத்தில் பதில் சொல்லிவிட்டு, மற்றதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நிற்கத் தெரிந்தவளாக இருந்தாள்.

அவள் பெயர் அம்சவள்ளி. புருஷன் மாரியப்பன் எலி ஜோசியக்காரன். அமாவாசைக்கு மேல்மலையனூர், கிருத்திகைக்கு மயிலம் என்று கூட்டம் சேருகிற இடமெல்லாம் கூண்டோடு போய் உட்காருவான். நாலு மாதத்துக்கு முன்னால் கிளியனூர் அருகே சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை லாரி அடித்துவிட்டது. சைக்கிள் பின்னால் கட்டியிருந்த சின்னக் கூண்டு எங்கோ தெறித்துப் போனது. அடக்கம் முடிந்த மறுநாள் அம்சவள்ளி அந்த இடத்துக்கு நடந்தே போய், கருவேலம் புதருக்குள் கையை விட்டுத் தேடி அதை எடுத்தாள். உள்ளேயிருந்த எலி ஜோசியச் சீட்டுகளில் பாதியைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதுதான் தனியாக இருந்த எலி. பெயர் சின்னையா.

வீட்டிலிருந்த மற்ற எலிகள் அதற்குள் பெருகிவிட்டன. பெட்டைகளை இரண்டிரண்டாகக் கேட்டவர்களுக்குக் கொடுத்து முடித்தாள். ஒற்றை எலியை யாருக்கும் கொடுக்கக் கூடாது, ஏங்கிச் செத்துவிடும் என்பது மாரியப்பன் சொல்லி வைத்த விதி. கடுவன்கள்தான் தங்கிவிட்டன. இரண்டு கடுவனை ஒரு கூண்டில் போட்டால் ரத்தம் வரும் வரை கடித்துக்கொண்டன. சண்டை போடாத எலியாக இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று நாலு வீட்டில் சொல்லியிருந்தார்கள். கோட்டக்குப்பம் ஜெகபர் அலி பாய் தன் மகளுக்காகக் கேட்டிருந்தார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் சவுரியம்மாள் கேட்டிருந்தாள். மயிலத்தில் ஒரு பூக்கடை, கிளியனூரில் ஒரு தையல்காரர். நாலு வீடு, எட்டு எலி. அவள் குடியிருந்தது ஒரு மல்லாட்டை மண்டியின் பின்கட்டு அறை. வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருக்கிற இடத்தில் எலி வளர்த்தால் எந்த முதலாளி பொறுப்பான்? அமாவாசைக்குள் எலிகள் போயாக வேண்டும், வேண்டுமானால் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள் என்று மண்டிக்காரர் சொல்லிவிட்டார். அந்த ஒன்று சின்னையா. வருகிற அமாவாசைக்கு மேல்மலையனூரில் புருஷன் உட்கார்ந்த இடத்தில் தானே உட்காருவது என்று அம்சவள்ளி முடிவு செய்திருந்தாள். அவளுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

புது டாக்டர் சீனுவாசன் சிரிக்கவில்லை. ஒரு எலியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எலிக்கு நான் செஞ்சதில்லம்மா. காலேஜ்ல புத்தகத்துல படிச்சதோட சரி. மாடு ஆடு மாதிரி கிடையாது, உள்ள அமைப்பே வேற. நாளைலேருந்து எனக்கு விழுப்புரத்துல பத்து நாள் ட்ரெயினிங். அங்க பெரிய டாக்டர்ங்க வருவாங்க, கேட்டுக்கிட்டு வந்து செய்யறேன். அதுவரைக்கும் பொறுப்பியா?"

"பத்து நாளுதானுங்க. பொறுத்துக்கிறேன்" என்றாள் அம்சவள்ளி.

அவ்வளவோடு விட்டிருக்கலாம். ஆனால் பாண்டுரங்கனுக்கு உள்ளே எரிந்தது. சுண்டுவிரல் பருமனுள்ள எலிக்காகப் புத்தகம் பார்க்கிறாராம் டாக்டர். அதையும் வரிசையில் இருபது பேர் கேட்டுக்கொண்டிருக்க, தன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஒரு வார்த்தை கேட்காமல் சொல்கிறார். அவள் கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னாலேயே போய் நிறுத்தினார்.

"எதுக்கும்மா பத்து நாளு? ஞாயித்துக்கெழம நம்ம வூட்டுக்குக் கொண்டா. ஒரு மணி நேர வேல."

"டாக்டரய்யா பொறுக்கச் சொன்னாரே."

"அவரு படிச்சிட்டு வந்தவரு. நான் செஞ்சிட்டு வந்தவன். என் கை பட்டு ஒரு உசுரு போனதில்ல, ஊர்ல கேட்டுப் பாரு."

அவள் ஊரில் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஊரும் அதையேதான் சொல்லியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை கூண்டுகளோடு வந்துவிட்டாள்.

பாண்டுரங்கன் வீட்டுக் கொல்லையில் தென்னை மரத்து நிழலில் ஸ்டூலைப் போட்டார். பிளேடு, ஈதர் பாட்டில், பஞ்சு, அயோடின், வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சள். இந்தக் கண்ணராவியை என் கண்ணில் காட்டாதீர்கள் என்று வீரம்மாள் சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்சவள்ளி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எடுத்துக் கொடுத்தாள். ஈதர் நனைத்த பஞ்சைப் போட்ட டம்ளருக்குள் எலியின் தலையை வைத்தார், ஒரு நிமிஷத்தில் துவண்டது. மல்லாக்கப் போட்டு விதையைப் பிடிக்கப் போனால், அது வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. அடிவயிற்றை மெல்ல அழுத்தினால் மறுபடி கீழே இறங்கியது. காளையிலும் கிடாவிலும் அவர் இப்படிப் பார்த்ததே இல்லை.

"வெக்கப்படுதும்மா உன் புள்ள" என்று சிரித்தார்.

இருபத்தாறு வருஷத்து அனுபவம் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்க வேண்டும். ஓடிப் போய் ஒளிய ஒரு வழி இருக்கிறதென்றால் அந்த வழி எங்கே போகிறது, அறுத்த பிறகு அதை யார் அடைப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை. கிடாவுக்குச் செய்வது போலவே சின்னதாகக் கீறி, விதையை வெளியே எடுத்து, நரம்பை நூலால் கட்டி அறுத்தார். கூடவே வந்த கொழுப்பையும் வேண்டாத சதையென்று இழுத்துக் கிள்ளிப் போட்டார். காயத்தைத் தைக்கவில்லை. தைத்தால் உள்ளே சீழ் கட்டும், திறந்து விட்டால் வடிந்துவிடும். கிடாவுக்கு அதுதான் சரி. மஞ்சளைத் தடவி வைக்கோல் மேல் படுக்க வைத்தார். பத்தரை மணிக்குள் எட்டும் முடிந்தது. முதலில் முடித்தவை எழுந்து உட்கார்ந்து கேப்பைக் களியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"அந்த ஒண்ணு?" என்று சின்னக் கூண்டைக் காட்டினார்.

"அது வேணாங்கய்யா. அதுதாங்க எனக்குச் சோறு."

"அப்பிடி இன்னா செய்யும்? காட்டு பாக்கலாம்."

அவள் சீட்டுகளைத் தரையில் வரிசையாக வைத்தாள். கூண்டின் கதவைத் தூக்கி, மேல்தகட்டில் நகத்தால் மூன்று தரம் தட்டினாள். சின்னையா வெளியே வந்தது. சீட்டுகளின் மேல் நடந்து போய், ஒன்றைப் பல்லால் கவ்வி இழுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தது. வைத்துவிட்டுப் போகவில்லை, முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அவள் மடியிலிருந்து ஒரு பொட்டுக்கடலையை எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு தானாகக் கூண்டுக்குள் போய்விட்டது.

"எங்க வூட்டுக்காரரு பழக்கனது. ரெண்டு மாசமா ஒழுங்கா வர்றதில்லீங்க. மத்ததுங்க வாசன பட்டா மூலையில போய் உறுமிக்கினு நிக்கும், சில நாளு ரெண்டு சீட்டா எடுத்துடும். இன்னிக்கு நல்லபடியா வந்துச்சு."

"அப்போ இதுக்குத்தான் மொதல்ல செய்யணும்" என்றார் பாண்டுரங்கன். "வேல செய்யற மாட்டத்தாம்மா காயடிக்கிறோம். அப்பத்தான் அலையாம, கவனமா ஏர்ல நடக்கும். இது மட்டும் முழுசா இருந்தா அமாவாசக் கூட்டத்துல இன்னா பண்ணும்னு எப்பிடிச் சொல்லுவ?"

"இத வுட்டா எனக்கு ஒண்ணும் இல்லீங்கய்யா. டாக்டரய்யா வந்ததும் இத மட்டும் அவராண்ட ஒரு வாட்டி கேட்டுக்கலாங்க."

டாக்டர் பேச்சை அவள் எடுத்திருக்க வேண்டாம்.

"எட்டு உசுர என் கையில குடுத்தியே, ஒண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சா? பாரு, களி தின்னுது. நம்பிக்க இல்லன்னா எடுத்துக்கினு போ."

அவள் எட்டையும் பார்த்தாள். தின்றுகொண்டுதான் இருந்தன. சின்னையாவைக் கூண்டிலிருந்து எடுத்து நெஞ்சோடு கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு அவர் கையில் கொடுத்தாள். வேலை முடிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். காயம் ஆறுகிற வரை அசைக்கக் கூடாது, பத்து நாள் இங்கேயே இருக்கட்டும் என்று அவர் சொன்னதற்கும் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று பகல் முழுக்க பாண்டுரங்கன் நல்ல குஷியில் இருந்தார். டாக்டர் வந்ததும் இதை எப்படி ஆரம்பித்துச் சொல்வது என்று சாப்பிடும்போதுகூட யோசித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை விடிந்து வாசல் தெளிக்கத் தண்ணீர் மொள்ளப் போன வீரம்மாள் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். கத்தவில்லை. "இங்க கொஞ்சம் வாங்க" என்று ஒரே மாதிரிக் குரலில் மூன்று தரம் கூப்பிட்டாள்.

வைக்கோல் சிவப்பாக இருந்தது. அறுத்த வாய் வழியாகக் குடல் வெளியே வந்திருந்தது, நூல் நூலாக, எல்லாவற்றுக்கும். அது தன்னுடையது என்று தெரியாமல் சில எலிகள் அதைக் கடித்தும் வைத்திருந்தன. ஐந்து செத்து விறைத்திருந்தன. நாலு மூச்சு விட்டுக்கொண்டிருந்தன, அதில் ஒன்று சின்னையா. பாண்டுரங்கன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாட்டுக் குடலும் ஆட்டுக் குடலும் பார்த்துப் பழகினவர்தான். ஆனால் அதெல்லாம் வேறு யாராவது செய்ததாக இருக்கும்.

"உக்காந்துக்கினு இருந்தா? டாக்டராண்ட தூக்கிக்கினு ஓடுங்க" என்றாள் வீரம்மாள். வேட்டித் துணியைக் கிழித்து, உப்புத் தண்ணீரில் நனைத்து, நாலின் வயிற்றிலும் அவளே சுற்றினாள். எலியைத் தொட அருவருக்கிறவள் அவள்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தார். மூன்றை அட்டைப்பெட்டியில் வைத்துக் காலடியில் வைத்திருந்தார். சின்னையாவை மட்டும் அதன் கூண்டோடு மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். டிக்கெட்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தபடியே, அவளிடம் என்ன சொல்வது, டாக்டரிடம் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தார். மனசு பதறினால் எதையாவது தட்டிக்கொண்டிருப்பது அவர் பழக்கம். கை தன்பாட்டில் கூண்டின் மேல்தகட்டை நகத்தால் தட்டியது.

சின்னையா எழுந்தது. கதவு சரியாக மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தலையால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. சுற்றியிருந்த துணி நழுவி, பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது. வேட்டியில் ஈரமான கோடு விழுந்தது. அவர் தொடை மேல் ஏறி, விரலிடுக்கிலிருந்த பஸ் டிக்கெட்டைப் பல்லால் கவ்வி இழுத்து, அவருடைய இன்னொரு உள்ளங்கையில் கொண்டுவந்து வைத்தது. முன்னங்கால்களைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. என்ன கேட்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. "சும்மா கெட, சும்மா கெட" என்று முணுமுணுத்தார். விக்கிரவாண்டி வருவதற்குள் அது பார்த்தபடியே செத்துப்போனது. பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

விழுப்புரத்தில் ட்ரெயினிங் நடந்த இடத்தில் சீனுவாசனை வகுப்பிலிருந்து வெளியே கூப்பிட்டார்கள். அட்டைப்பெட்டியில் மூன்றில் இரண்டுதான் மிச்சமிருந்தன. அவரும் இன்னொரு டாக்டரும் சேர்ந்து, பின்பக்கம் ஒரு மேஜையில் குடலை உள்ளே தள்ளித் தைத்தார்கள். ஒன்று மேஜையிலேயே போய்விட்டது. கை கழுவிக்கொண்டே டாக்டர் சொன்னார்.

"எலிக்கு வயித்துக்கும் விதைப்பைக்கும் நடுவுல இருக்கிற வழி கடைசி வரைக்கும் மூடாதுங்க. அதனாலதான் தொட்டா உள்ள இழுத்துக்குது. அந்த வழிய அடைச்சுக்கிட்டு இருக்கிறதே அந்தக் கொழுப்புதான். அதையும் எடுத்துட்டு, தைக்காம விட்டுட்டீங்க." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "பத்து நாள்தானே பாண்டுரங்கன். அந்தம்மா பொறுக்கிறேன்னுதானே சொன்னாங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பாண்டுரங்கனுக்கு. பிழைத்த ஒரு எலியை டாக்டர் தன்னிடமே வைத்துப் பார்த்துக்கொண்டு, மூன்று நாள் கழித்துக் கொடுத்தனுப்பினார். செத்த எட்டையும் வீரம்மாள் தென்னை மரத்தடியில் புதைத்திருந்தாள்.

பத்தாம் நாள் அம்சவள்ளி வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, எட்டையும் கொடுக்க நாலு சின்னப் பெட்டிகளில் மூச்சுத் துளை போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும் பாண்டுரங்கன் மனசில் தயாராக வைத்திருந்த உண்மை ஓடிப்போய்விட்டது.

"எட்டும் பூடுச்சும்மா. ஏதோ விஷக் காய்ச்சல் மாதிரி வந்துச்சு. சின்னையாவ மட்டும் விழுப்புரம் வரைக்கும் தூக்கிக்கினு ஓடிக் காப்பாத்திட்டேன்" என்றார். பொய் சொன்னதோடு விட்டாரா, அதற்குள்ளும் தனக்கு ஒரு பெருமையைச் செருகிக்கொண்டார். வெள்ளை எலி எல்லாம் ஒன்று போலத்தானே இருக்கும் என்பது அவர் கணக்கு.

அம்சவள்ளி பெட்டிகளைக் கீழே வைத்தாள். கூண்டுக்குள் இருந்த எலியைக் குனிந்து பார்த்தாள். மேல்தகட்டில் நகத்தால் மூன்று தரம் தட்டினாள். எலி மூலையில் படுத்தது படுத்தபடி இருந்தது. இன்னொரு தரம் தட்டவில்லை.

"நொந்து கெடக்குதுங்க. ஆவும் கொஞ்ச நாளு" என்றாள். பிறகு, "எங்கங்க பொதச்சீங்க?" என்று கேட்டாள்.

வீரம்மாள் காட்டினாள். தென்னை மரத்தடியில் அவள் ரொம்ப நேரம் நின்றாள். கூண்டையும் காலிப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"அந்தப் பொம்பள மூஞ்சப் பாத்து எப்பிடிங்க வாய் வந்துச்சு உங்களுக்கு?" என்றாள் வீரம்மாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், அவ்வளவுதான். பாண்டுரங்கனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கிடாவைப் பிடித்துக் கிடத்தினார்கள், அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். எதையோ மறந்துவிட்டவர் போல வெளியே வந்து நின்றார். அமாவாசை நெருங்க நெருங்க, தட்டினால் வராத எலியை வைத்துக்கொண்டு அவள் அங்கே என்ன செய்வாள் என்ற ஒரே நினைப்பு அவரைப் பிடுங்கித் தின்றது.

அமாவாசையன்று மத்தியானம் லீவு போட்டுவிட்டு, செஞ்சி வழியாக மேல்மலையனூர் போய்ச் சேர்ந்தார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. எலுமிச்சம்பழக் கடை, பொரி கடை, குங்குமக் கடை எல்லாவற்றையும் தாண்டி, பஸ் நிற்கிற பக்கமாக ஒரு புளிய மரத்தடியில் அம்சவள்ளியைக் கண்டார். முன்னால் சாக்கு, சாக்கின் மேல் புதிதாக எழுதின சீட்டுகள், கூண்டு. ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. அவள் பெயர் கேட்டாள், தட்டினாள். எலி வரவில்லை. மறுபடி தட்டினாள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து, நாலடி தள்ளியிருந்த கிளி ஜோசியரிடம் போனார்கள். இப்படியே இன்னும் இரண்டு பேர். பாண்டுரங்கன் ஒரு கடையின் மறைவில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். போய்விடலாம் என்று இரண்டு தரம் திரும்பினார். கடைசியில் போய் அவள் எதிரில் சாக்கின் ஓரமாக உட்கார்ந்தார்.

அவள் ஆச்சரியப்படவில்லை.

"அது சின்னையா இல்லம்மா" என்றார்.

"தெரியுங்க. இது மண்ணாங்கட்டி. எங்க வூட்டுக்காரரு வெச்ச பேரு. எத்தினியோ நாளு கத்துக் குடுத்தாரு, ஒண்ணும் ஏறல. அதான் அந்தப் பேரு."

"அன்னிக்கே தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதாங்க? தென்ன மரத்தாண்ட நின்னு சின்னையாவக் கும்புட்டுட்டுத்தான் வந்தேன்."

"பின்ன ஏம்மா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா வந்துடுமாங்க?" சீட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். "மண்ணாங்கட்டிக்கு ஒரு வேள வருமோன்னு பாத்தேன். வரல. நாலு வூட்டுக்கும் போய்ச் சொல்லிட்டேன். பாய் வூட்டுப் பொண்ணுதான் அழுதுச்சு. பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ஆளுங்க போறாங்க, வெள்ளிக்கெழம நானும் கூடப் போறேன்."

அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளாமல் எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சல் இல்லை என்று சொன்னார், டாக்டர் சொன்னதைச் சொன்னார், தன் திமிர்தான் என்று சொன்னார். அவள் சீட்டு அடுக்குவதை நிறுத்தவில்லை. பஸ்ஸில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தபோதுதான் கை நின்றது.

"தட்டனீங்களா?"

"தெரியாம தட்டிட்டேன்மா."

"வந்துச்சா?"

"வந்துச்சு. என் கையில இருந்த டிக்கெட்ட எடுத்துக் குடுத்துச்சு."

"அந்த நெலமையிலயா?"

"ஆமாம்மா. குடுத்துட்டு என் மூஞ்சையே பாத்துக்கினு இருந்துச்சு. சாவற வரைக்கும் பாத்துச்சு. எதுக்குன்னு எனக்குத் தெரியல."

அம்சவள்ளி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். புருஷன் போனதைச் சொல்லும்போதும் அழாதவள், தோள் குலுங்க அழுதாள். அழுகை அடங்கியதும் அவரை நேராகப் பார்த்தாள்.

"சீட்டு எடுத்தா ஒரு பொட்டுக்கடல குடுக்கணுங்க. அதுக்குத்தான் பாத்திருக்கும்."

பாண்டுரங்கன் தலை குனிந்தார். கொல்லையில் அவர் கண் முன்னாலேயே அவள் கொடுத்துக் காட்டியதுதான்.

அவள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். கூண்டை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"இத நீங்க வெச்சுக்கங்க. பெங்களூருக்குத் தூக்கிக்கினு போவ முடியாது. ஒத்தையா வுடக் கூடாது, ஏங்கிப்பூடும். வேலைக்குப் போய்ட்டு வந்தா பக்கத்துல குந்திக்கினு ஏதாச்சும் பேசுங்க. எங்க வூட்டுக்காரரு அப்பிடித்தான் பேசிக்கினு இருப்பாரு."

"என் கையிலயாம்மா குடுக்கிற?"

"வேற யாருங்க எலி எடுத்துக்குவாங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கோயிலுக்கு வரும் கூட்டத்துக்கு எதிராக நடந்து போனாள், அவர் கண்ணுக்குச் சீக்கிரமே மறைந்தாள்.

செஞ்சியில் பஸ் மாற இறங்கியபோது ஒரு பொரிகடலைக் கடையில் பொட்டுக்கடலை வாங்கினார். திண்டிவனம் பஸ்ஸில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினார். மண்ணாங்கட்டி மூலையிலிருந்து மெதுவாக வந்து, தையல் போட்ட வயிற்றைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு நின்று, அவர் விரலை ஒரு தரம் மோந்து பார்த்தது. பிறகு வாங்கித் தின்றது.